மங்கலம் என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

நீங்கள் அனுப்பிய இலக்கணச் சொற்களின் கையேட்டைப் படித்து முடித்தேன். தமிழ்ச் சொல், பக்கத்தில் தெலுங்குச் சொல், கீழே ஒரு வரி விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு என்று நம் எல்லைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். வேற்றுமையை நம் பிள்ளைகள் விபக்தி என்று சொன்னால் அது அவர்கள் குற்றமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கு வகுப்பில் அப்படித்தான் கேட்கிறது. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நல்ல யோசனை. சில இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது, பென்சிலால் குறித்திருக்கிறேன். ஆகுபெயருக்கு இன்னும் எளிய எடுத்துக்காட்டு கிடைக்கிறதா பாருங்கள். மற்றபடி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சொல்லில் மட்டும் நின்றுவிட்டேன். மங்கலம். நல்லதல்லாத சொல்லை விலக்கி, அதே பொருளை நல்ல சொல்லால் சொல்வது; 'இறந்தார்' என்பதை 'இயற்கை எய்தினார்' என்பதுபோல என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் தவறில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் நானும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். திருப்பதிப் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னீர்கள். அத்தனை பேர் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் எழாது. அதனால் எழுதுகிறேன்.

நான் சித்தூர் டவுனில் பிறந்தவள். எங்கள் வீடு பழைய மிஷன் சபையைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத் தமிழைக் கேட்டு வளர்ந்ததால் எனக்கு என் தமிழின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. என் அப்பா இறந்தபோது 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று நோட்டீஸ் அடித்தோம். மங்கலம் நடத்தும்போதெல்லாம் அந்த வாசகத்தைப் பலகையில் எழுதுவேன். என் வீட்டுத் துக்கமே பாடத்துக்கு உதவுகிறது என்று அதில் எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது.

விஜயபுரம் பக்கத்து அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது என் காதுக்கு முதலில் எட்டியது அங்கே பேசுகிற தமிழ்தான். போய்க்கினு, வந்துக்கினு, துன்னு, நைனா. பிள்ளைகள் வாயைத் திறந்தாலே நான் திருத்தத் தொடங்கிவிடுவேன். கோபத்தால் அல்ல. பரீட்சையில் இப்படி எழுதிவைத்தால் மதிப்பெண் போய்விடுமே, நாளை திருத்தணியிலோ சென்னையிலோ போய் நின்றால் சிரிப்பார்களே என்ற கவலை. கவலை என்று அப்போது நம்பினேன். இப்போது யோசித்தால், அந்தப் பேச்சு என் பிள்ளைகளின் வாயிலிருந்து வருவது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது என்றுதான் தோன்றுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் மஞ்சுளா என்று ஒரு பெண். நன்றாகப் படிப்பாள், கையெழுத்து அச்சுப்போல இருக்கும். வேர்க்கடலை பிடுங்கும் நாட்களில் தொடர்ந்து வராமல் போனாள். அவள் அப்பாவை வரச் சொல்லி அனுப்பினேன். ஒருநாள் காலை மணியடிப்பதற்கு முன்பே அவளைப் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூடம் என்றாலே தெலுங்கில்தான் பேச வேண்டும் என்று அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு மரியாதை. அவரும் 'நமஸ்காரமண்டி' என்றுதான் தொடங்கினார். நான் தமிழில் பதில் சொன்னதும் கொஞ்சம் கூச்சப்பட்டுத் தமிழுக்கு வந்தார்.

"வேர்க்கல்ல புடுங்க ஆளு கெடைக்கல டீச்சர். அதான் பாப்பாவ நிறுத்திக்கினேன். இனிமே நிறுத்தமாட்டேன்."

படிக்கிற பெண்ணைக் கெடுத்துவிடாதீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அவர் தலையாட்டினார். போகும்போது மகளிடம் ஏதோ சொல்லிவிட்டு, மோட்டார் போட்டு விட வேண்டும், கரண்ட் போய்விடும் என்று அவசரமாகக் கிளம்பினார். அவர் பைக் கேட்டைத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு என் மனசுக்குள் நான் வைத்துக்கொண்ட சாக்கு இதுதான்.

அன்று அந்த வகுப்புக்கு வழக்கு என்ற பாடம். இயல்பு வழக்கு மூன்று, தகுதி வழக்கு மூன்று. மரூஉ நடத்திக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் தஞ்சை ஆனது மரூஉ, சான்றோர் ஏற்றுக்கொண்ட திரிபு. நீங்கள் வாய்க்கு வந்தபடி சுருக்கிப் பேசுவதெல்லாம் மரூஉ ஆகாது, அது கொச்சை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது அட்டெண்டர் வந்து, மஞ்சுளாவைத் தேடிக் கேட்டில் யாரோ வந்திருக்கிறார்கள் என்றார். போய் வா என்று அனுப்பினேன். சற்று நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றாள். அழவில்லை. முகத்தில் எதுவும் இல்லை.

"டீச்சர், எங்க நைனா பூட்டாரு. நான் போவணும்."

அப்பா கிளம்பிப் போய்விட்டார், இவளும் பின்னாலேயே போக வேண்டும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இனிமேல் நிறுத்தமாட்டேன் என்று காலையில்தானே சொன்னார், அதற்குள் மறுபடியும் கடலை பிடுங்கக் கூப்பிடுகிறாரா என்று எரிச்சல் வந்தது. அவர் போனதை நானே பார்த்தேன், போகட்டும், நீ உள்ளே வா என்றேன். அவள் உள்ளே வரவில்லை.

"நைனா பூட்டாரு டீச்சர்" என்றாள் மறுபடியும்.

பாடத்துக்கு எடுத்துக்காட்டு தானாக வந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை தெரியும். பூட்டாரா, அது எந்த ஊர்ச் சொல் என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவளைப் பலகைக்குக் கூப்பிட்டு, சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினாள். அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதச் சொன்னேன். 'நைனா போய்விட்டார்' என்று எழுதினாள். நைனா தமிழா என்று கேட்டேன். நைனாவை அடித்துவிட்டுத் தந்தை என்று எழுதினாள். வாசிக்கச் சொன்னேன். "தந்தை போய்விட்டார்" என்று வாசித்தாள். முன் பெஞ்சிலிருந்து அவளுடைய தோழி, "டீச்சர்" என்று பாதி எழுந்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல், நடுவில் பேசாதே என்று அவளை உட்கார வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கேட்டில் காத்திருந்தவர் பொறுக்க முடியாமல் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். மஞ்சுளாவின் தாய்மாமன். பள்ளிக்கூடத்துக்கான தெலுங்கில்தான் அவரும் பேசினார்.

"டீச்சர், மா பாவ சச்சிபோயினாடு. பாப்ப செப்பலேதா?"

என் அக்கா புருஷன் செத்துப்போய்விட்டான், குழந்தை உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டார். மோட்டார் ஸ்டார்ட்டரில் கை வைத்த இடத்திலேயே கரண்ட் இழுத்துவிட்டதாம்.

பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்த மஞ்சுளாதான் பதில் சொன்னாள்.

"சொன்னேன் மாமா."

அந்த ஊரில் ஒருவர் எங்காவது புறப்பட்டுப் போயிருந்தால், ஊருக்குப் பூட்டாரு, சந்தைக்குப் பூட்டாரு என்று போன இடத்தைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். இடம் சொல்லாமல், ஆளை மட்டும் சொல்லிப் பூட்டாரு என்றால் அதற்கு ஒரே பொருள்தான். செத்தது என்று ஆடுமாட்டைத்தான் சொல்வார்கள். பெற்ற தகப்பனைச் சொல்லமாட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்தப் பெண் அவ்வளவு பெரிய அடியிலும் வாய் தவறாமல், தன் நைனாவுக்குத் தகுதியான சொல்லைத் தேர்ந்து என்னிடம் சொன்னாள். மங்கலம் அடுத்த நாள் பாடம். அதை அவள் ஒருநாள் முன்னதாகவே எனக்குச் சொல்லிக்காட்டினாள். நான் அதைக் கொச்சைக்கு எடுத்துக்காட்டாகப் பலகையில் எழுத வைத்தேன்.

நெருக்கடியில் நாம் யார் என்பது தெரியும் என்பார்கள். நான் யார் என்பது அந்தச் சில நிமிடங்களில் எனக்குத் தெரிந்தது. முதலில் நான் பார்த்தது மஞ்சுளாவை அல்ல, வகுப்பை. யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று. இரண்டாவது, அவள் மாமனிடம், பெண்ணை நடுவில் அனுப்புவதென்றால் பெற்றோர் எழுதிக்கொடுக்க வேண்டும், ஹெட்மாஸ்டரைப் பாருங்கள் என்றேன். ஆமாம், பெற்றோர் என்று சொன்னேன். வேறு வார்த்தை எதுவும் நாக்கில் இல்லை. தினமும் சொல்கிற வாக்கியம்தான் வந்தது. அவருக்குப் புரியவில்லை, திருதிருவென்று விழித்தார்.

பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் வந்துவிட்டார். புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு அம்மா, என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மஞ்சுளாவின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி மேஜையில் வைத்தார். அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவளை அணைத்தபடி கேட் வரைக்கும் நடத்திக்கொண்டு போய்ப் பைக்கில் உட்கார வைத்தார். அட்டெண்டரை இன்னொரு வண்டியில் பின்னாலேயே அனுப்பினார். பிறகுதான் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார். செய்யவேண்டியது அவ்வளவுதான் இருந்தது. அதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது பலகை வெறுமையாக இருந்தது. பிள்ளைகளில் யாரோ அழித்திருந்தார்கள். அதையாவது நான் செய்திருக்கலாம்.

சாயங்காலம் ஆசிரியர்கள் எல்லோரும் துக்கத்துக்குப் போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். நகரி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது மஞ்சுளாவின் ஊர் வழியாகப் போகிற பஸ் எதிரில்தான் நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவிக்கொண்டிருந்தார். நான் சித்தூர் பஸ் ஏறினேன்.

காரியம் முடிந்து மஞ்சுளா பள்ளிக்கு வந்தாள். அதற்குள் நான் ராத்திரியும் பகலும் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். எல்லோர் முன்னாலும் செய்த தவறுக்கு எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுதான் நேர்மை என்று முடிவு செய்திருந்தேன். வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். நான் செய்தது பெரிய தவறு, என் அறியாமை, நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று நல்ல தமிழில், தடுமாறாமல் சொன்னேன். என் கண்ணும் கலங்கியது. அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். வகுப்பு முழுவதும் அவளையே பார்த்தது. நான் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"பரவால்ல டீச்சர்" என்றாள்.

மனசு லேசானது. அந்த லேசோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கணக்கு டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"க்ஷமிஞ்சமனி அடிகினாரா, லேக பாப்ப தக்கர சர்டிபிகெட் அடிகினாரா?"

மன்னிப்புக் கேட்டீர்களா, இல்லை அந்தக் குழந்தையிடம் நற்சான்றிதழ் கேட்டீர்களா என்று. தகப்பனைப் பறிகொடுத்து வந்த பெண்ணை மறுபடியும் எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்து, உங்களுக்கு ஆறுதல் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள் என்றும் சொன்னார். குரல் உயரவில்லை. பிறகு என்னிடம் டீ வேண்டுமா என்று கேட்டார்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளிடம் தவறு செய்வோம், செய்யாமல் இருக்க முடியாது. அதைச் சரிசெய்யப் போகும்போது நம் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிடக் கூடாது. பிள்ளை வாய் திறந்து பதில் சொல்லியே ஆகவேண்டும் என்கிற இடத்தில் கேட்கிற மன்னிப்பு மன்னிப்பே அல்ல. 'பரவாயில்லை' என்பதைத் தவிர அவளால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆனால் அவள் பதில் சொல்லாமலும் இல்லை. அன்றைக்குப் பிறகு மஞ்சுளா என்னிடம் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் புத்தகத் தமிழ். "நான் வீட்டுப்பாடம் எழுதிவிட்டேன்." "தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்." தோழிகளிடம் பழையபடி பேசிக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் போனால் ஒற்று விடாமல், ஈறு கெடாமல் பேசுவாள். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். கிண்டலா என்றால் இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒன்றுமே இருக்காது. நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள், அவ்வளவுதான். அவளிடம் ஒரே ஒரு பிழையான வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று அந்த வருஷமெல்லாம் ஏங்கினேன். மங்கலத்தை அந்த வகுப்புக்கு நான் நடத்தவேயில்லை. தகுதி வழக்கில் இடக்கரடக்கலையும் குழூஉக்குறியையும் நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அதுவும் கோழைத்தனம்தான்.

பத்தாவது முடித்ததும் அவள் தெலுங்கு மீடியத்தில் இன்டர்மீடியட் சேர்ந்தாள். மேலே படிக்க அதுதான் வசதி என்று ஊரில் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, போன வருஷம் ரத்தப் பரிசோதனைக்காகத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெயர் பதியும் கவுண்டரில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் எல்லையோரத்து ஊர்ப் பெரியம்மா ஒருத்தி. கவுண்டரில் இருந்த பெண் அந்த அம்மாவிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பெரிம்மா, காத்தால எதனா துன்னியா?"

"ஒரே ஒரு இட்லிதாம்மா துன்னேன்."

"துன்னாத வரணும்னு சொல்லிக்கினே இருக்கோம் இல்ல? செரி, நாளைக்கு வெறும் வயித்தோட வா. பஸ்ஸுக்குச் சில்லறை கீதா?"

அப்படி ஒரு வாஞ்சை அந்தக் குரலில். அந்த அம்மா சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். நான் கவுண்டருக்கு நேரே வந்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சுளா.

அவளும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பார்வை ஒரு நொடி நின்றது. பிறகு திரையைப் பார்த்து, "பேரு செப்பண்டி டீச்சர்" என்றாள். பெயர் சொல்லுங்கள் என்று, தெலுங்கில்.

மஞ்சுளா, நல்லா இருக்கியா என்று தமிழில் கேட்டேன். நன்றாக இருக்கிறேன் டீச்சர் என்று தெலுங்கில் சொன்னாள். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று தமிழில் கேட்டேன். தன்னோடு திருப்பதியில்தான் இருக்கிறார்கள் என்று தெலுங்கில் சொன்னாள். குறையே சொல்ல முடியாத மரியாதை. காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், அதையும் தெலுங்கில். இல்லை என்றேன். மூச்சு வாங்குகிறதே, உட்காருங்கள், நானே கூப்பிடச் சொல்கிறேன் என்று நாற்காலியைக் காட்டினாள்.

சொல்லவேண்டிய வார்த்தைகளெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. எத்தனையோ வருஷமாகச் சேர்த்துவைத்தவை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கை கீபோர்டின் மேல் அசையாமல் இருந்தது. இன்னொரு முறை அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்திவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"சரேம்மா" என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டேன்.